சர்வரில் உள்ள கோப்புகளை பிஎச்பி எழுதி ஜிப் செய்வது எப்படி

ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சேவை) ஒரு வேர்ட்பிரஸ் தளம் வைத்திருக்கிறீர்கள். அதை அப்படியே உங்கள் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். சர்வரிலிருந்து எஃப்டிபி முறையில் கோப்புகளை இறக்கும் ஃபைல்ஜில்லா செயலியைத் திறந்து மொத்த ஃபோல்டரையும் இழுத்துப் போட்டால் முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வேர்ட்பிரஸின் அடிப்படைக் கோப்புகளே ஆயிரக்கணக்கில் இருக்கும். அதற்கு மேல் பிளகின்கள், தீம்கள், நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் தானாக உண்டாகும் சின்னச் சின்ன அளவுப் பிரதிகள். எஃப்டிபி முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஓர் இணைப்பு திறந்து மூடப்படும். கல்யாண வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொரு கரண்டியாகக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது போன்ற வேலை அது. நடுவில் நெட் போய்விட்டால் எது வந்தது, எது வரவில்லை என்று தேடுவது அடுத்த தலைவலி.

சர்வரிலேயே எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக்கிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் இறக்குவதுதான் வழி. அளவு குறைவதும் நல்லதுதான், ஆனால் பெரிய லாபம் ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒன்றாகிவிடுவது.

ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலின் ஃபைல் மேனேஜரிலேயே கம்ப்ரஸ் பொத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரே ஒரு முறைக்கு அது போதும். தினமும் ராத்திரி தானாக நடக்க வேண்டும், தற்காலிகப் பிரதிகள் கிடக்கும் கேஷ் ஃபோல்டரை விட்டுவிட வேண்டும், வேலை ஒழுங்காக முடிந்ததா என்றும் தெரிய வேண்டும் என்றால் ஸ்கிரிப்ட் எழுதித்தான் ஆக வேண்டும். இந்த மாதிரி ஹோஸ்டிங்கில் ஏற்கெனவே தயாராக இருக்கும் மொழி பிஎச்பி. அதில் இந்த வேலைக்கென்றே ஜிப்ஆர்க்கைவ் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது.

கிளாஸ், ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். விஎஸ் கோடில் பிஎச்பி இன்டெலிபென்ஸ் நீட்சியைப் போட்டுக்கொண்டால் முதல் சில எழுத்துகளை அடித்ததும் முழுப் பெயரையும் காட்டிவிடும். மாறிகளின் பெயர்கள் அப்படியில்லை. பிஎச்பி கோப்பு யுடிஎஃப்-8 ஆக இருந்தால் $மூலம், $இலக்கு என்று தமிழிலேயே மாறிகளுக்குப் பெயர் வைக்கலாம், ஸ்கிரிப்ட் தடையில்லாமல் ஓடும். இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்திருக்கிறேன்.

எது சுருங்கும், எது சுருங்காது

ஜிப் வடிவம் 1989-ல் பில் காட்ஸ் உருவாக்கியது. அதற்குள் பெரும்பாலும் ஓடுவது டிஃப்ளேட் என்ற சுருக்குமுறை. இது இரண்டு வேலை செய்கிறது. சற்றுமுன் வந்த அதே எழுத்துத்தொடர் மீண்டும் வந்தால், அதைத் திரும்ப எழுதாமல் 'இத்தனை பைட் பின்னால் போய், இத்தனை பைட் எடுத்துக்கொள்' என்று குறித்துவைக்கிறது. இப்படிப் பின்னால் பார்க்கும் தூரம் 32 கேபி. அப்புறம், அடிக்கடி வரும் குறிகளுக்குக் குட்டையான பிட் வரிசையும் அரிதாக வருபவற்றுக்கு நீளமான வரிசையும் கொடுக்கிறது. இந்த இரண்டாவது பாதி 1952-ல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்ட முறை.

ஆகவே திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் எழுத்துக் கோப்புகள் நன்றாகச் சுருங்கும்: பிஎச்பி, ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், லாக், எஸ்கியூஎல். தமிழ் உரைக்கு இதில் கூடுதல் ஆதாயம் உண்டு. யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது பைட்டிலும் இரண்டே வகைதான் வரும். இவ்வளவு மறுபடி வரும் பகுதி இருப்பதால், தமிழ்ப் பதிவுகள் நிறைந்த தளத்தின் டேட்டாபேஸ் கோப்பு நன்றாகவே இளைக்கும்.

படங்கள் அப்படியில்லை. ஜேபெக், எம்பி3, எம்பி4 எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சுருக்கச் சொன்னால் சர்வரின் நேரம்தான் போகும், அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

ஜிப் எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு வரி பிஎச்பி கோப்பில் பிஎச்பிஇன்ஃபோ ஃபங்ஷனை அழைத்து, பிரவுசரில் திறந்து, வரும் பக்கத்தில் ஜிப் என்ற பகுதியைத் தேடுங்கள். பார்த்து முடித்ததும் அந்தக் கோப்பை உடனே அழித்துவிடுங்கள். உங்கள் சர்வரின் உள்விவரம் எல்லாம் அந்தப் பக்கத்தில் ஊர் பார்க்கக் கிடக்கும். எக்ஸ்டென்ஷன் இல்லையென்றால், பல சிபேனல்களில் பிஎச்பி பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலேயே அதை டிக் செய்யும் வசதி இருக்கும். சொந்த உபுண்டு சர்வர் என்றால் ஆப்ட் மூலம் 'பிஎச்பி-ஜிப்' பொதியை நிறுவினால் போதும்.

அடுத்தது டேட்டாபேஸ். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். வேர்ட்பிரஸில் உங்கள் பதிவுகள், பக்கங்கள், பின்னூட்டங்கள் எதுவும் கோப்புகளில் இல்லை. எல்லாம் மைஎஸ்கியூஎல்-இல் இருக்கின்றன. ஃபோல்டரை மட்டும் ஜிப் செய்தால் படங்களும் நிரலும் வரும், எழுதியது ஒன்றுகூட வராது. ஆகவே பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் கொடுத்து எஸ்கியூஎல் கோப்பாக எடுத்து, தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். பின்னால் ஸ்கிரிப்டில் அதையும் ஜிப்புக்குள் சேர்ப்போம். கட்டளைவரி இருந்தால் மைஎஸ்கியூஎல்டம்ப் இதைத் தானாகச் செய்யும். அப்போது கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதாமல், உங்கள் ஹோம் ஃபோல்டரில் நீங்கள் மட்டும் படிக்கக்கூடிய அமைப்புக் கோப்பில் வையுங்கள்.

மூன்றாவது, ஜிப்பை எங்கே வைப்பது. இதில் நான் கொஞ்சம் கறாராகத்தான் சொல்வேன்: தளத்தின் கோப்புகள் இருக்கும் பப்ளிக்-ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் வைக்கவே கூடாது. அதற்குள் இருக்கும் ஜிப் எதுவானாலும் முகவரி தெரிந்தவர் எடுத்துக்கொள்ளலாம். 'பேக்கப் டாட் ஜிப்', 'சைட் டாட் ஜிப்' போன்ற பெயர்களை ஒவ்வொரு தளத்திலும் தட்டிப் பார்ப்பதற்கென்றே பாட்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் கடவுச்சொல் வெளிப்படையாக எழுதியிருக்கும். ஜிப் கையில் கிடைத்தால் அதுவும் கிடைத்த மாதிரிதான். ஹோம் ஃபோல்டரில், பப்ளிக்-ஹெச்டிஎம்எல்லுக்குப் பக்கத்தில், 'காப்பு' என்று தனி ஃபோல்டர் ஒன்றைப் போடுங்கள். ஸ்கிரிப்டையும் அங்கேயே வைத்துவிட்டால் முகவரியைக் கண்டுபிடித்து வெளியாள் யாரும் அதை ஓடவிட முடியாது.

வெளியே வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜிப் செய்யும் ஃபோல்டருக்குள்ளேயே ஜிப்பையும் வைத்தால், நேற்றைய ஜிப் இன்றைய ஜிப்புக்குள் போகும், இன்றையது நாளையதற்குள் போகும். சில நாளில் ஹோஸ்டிங் இடம் நிரம்பிவிடும்.

ஸ்கிரிப்டை எழுதுவோம்

$மூலம் என்பதில் பப்ளிக்-ஹெச்டிஎம்எல்லின் முழுப் பாதையைக் கொடுங்கள். $இலக்கு என்பதில் 'காப்பு' ஃபோல்டரின் பாதை, அதன்பின் தளத்தின் பெயர், அதன்பின் டேட் ஃபங்ஷனிலிருந்து வரும் தேதியும் நேரமும், கடைசியில் டாட் ஜிப். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள். பெயர்வாரியாக அடுக்கும்போது காலவாரியாகவும் அடுக்கப்பட்டிருக்கும். பாதைகளை எப்போதும் வேரிலிருந்து முழுமையாகவே எழுதுங்கள். பின்னால் கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் வசதி) இதை ஓட்டும்போது எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டும் என்பதை நம்பியிருக்க முடியாது.

சரி, இப்போது ஜிப்ஆர்க்கைவ் கிளாஸிலிருந்து $ஜிப் என்று ஒரு பொருளை உண்டாக்கி, அதன் ஓப்பன் மெத்தடை அழையுங்கள். முதல் மதிப்பு $இலக்கு. இரண்டாவது மதிப்பாக கிரியேட், ஓவர்ரைட் என்ற இரண்டு கொடிகளையும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். கிரியேட் மட்டும் கொடுத்தால், அதே பெயரில் பழைய ஜிப் இருக்கும்போது அதற்குள்ளேயே புதியவை சேரும். தளத்தில் நீங்கள் எப்போதோ அழித்த கோப்பு ஜிப்பில் தொடர்ந்து உட்கார்ந்திருக்கும்.

ஓப்பன் என்ன திருப்பித் தருகிறது என்பதில் கவனமாக இருங்கள். வெற்றி என்றால் ட்ரூ வரும். தோல்வி என்றால் பெரும்பாலும் ஃபால்ஸ் வராது, ஒரு பிழை எண் வரும். பூஜ்யமல்லாத எண்ணை பிஎச்பி உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் வெறும் இஃப் போட்டால், திறக்காத ஜிப்பையும் திறந்ததாக நினைத்து ஸ்கிரிப்ட் மேலே போகும். மூன்று சமக்குறி போட்டு ட்ரூவோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லையா, பிழை எண்ணை அச்சிட்டுவிட்டு அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து ஃபோல்டருக்குள் நடப்பது. இதற்கு இரண்டு கிளாஸ்கள் சேர்ந்து வேலை செய்யும். ரிகர்சிவ்-டைரக்டரி-இட்டரேட்டருக்கு $மூலத்தையும் ஸ்கிப்-டாட்ஸ் கொடியையும் கொடுத்து, அதை ரிகர்சிவ்-இட்டரேட்டர்-இட்டரேட்டருக்குள் போடுங்கள். பெயர் சுற்றி வளைத்து இருந்தாலும் பயன்பாடு எளிது: ஒரு ஃபார்ஈச் போட்டால் எத்தனை அடுக்கு உள்ளே இருக்கும் கோப்பும் ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். இப்படி வருபவை கோப்புகள் மட்டுமே, காலி ஃபோல்டர்கள் வராது. அவையும் வேண்டும் என்றால் செல்ஃப்-ஃபர்ஸ்ட் என்ற முறையைக் கொடுத்து, ஃபோல்டர் வரும்போது ஆட்-எம்ப்டி-டிர் மெத்தடை அழைக்க வேண்டும். சாதாரண வேர்ட்பிரஸ் தளத்துக்கு அது அவசியமில்லை. சிம்லிங்க் (வேறோர் இடத்தில் உள்ள கோப்பையோ ஃபோல்டரையோ சுட்டும் குறிப்பு) வந்தால் இஸ்-லிங்க் மூலம் பார்த்துத் தாண்டிவிடுங்கள்.

ஒவ்வொரு கோப்பையும் ஆட்-ஃபைல் மெத்தடால் சேர்க்கிறோம். வெளியே வைத்த எஸ்கியூஎல் கோப்பையும் இதே மெத்தடால் தனியாகச் சேருங்கள். இதற்கு இரண்டு மதிப்புகள்: சர்வரில் கோப்பு இருக்கும் முழுப் பாதை, ஜிப்புக்குள் அதற்கு இருக்க வேண்டிய பெயர். இரண்டாவதை விட்டுவிட்டால் சர்வரின் முழுப் பாதையும் ஜிப்புக்குள் ஏறிவிடும். விரித்துப் பார்க்கும்போது ஹோம், அதற்குள் உங்கள் யூசர் பெயர், அதற்குள் பப்ளிக்-ஹெச்டிஎம்எல் என்று தோண்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். முழுப் பாதையின் தொடக்கத்திலிருந்து $மூலத்தின் நீளமும் ஒன்றும் கழித்தால் (அந்த ஒன்று சாய்கோட்டுக்கு) தேவையான பெயர் கிடைக்கும். எஸ்டிஆர்லென், சப்எஸ்டிஆர் இரண்டும் பைட் கணக்கில் வேலை செய்பவை, சேர்ந்தே பயன்படுத்துங்கள். ஃபோல்டர் பெயர் தமிழில் இருக்கும்போது நீளத்தை எம்பி-எஸ்டிஆர்லென்னால் அளந்து, வெட்டுவதை மட்டும் சப்எஸ்டிஆரிடம் விட்டால், எழுத்துக்கு நடுவில் வெட்டு விழுந்து பெயர் சிதையும்.

ஆட்-ஃபைலுக்குப் பதிலாக, கோப்பை ஃபைல்-கெட்-கன்டென்ட்ஸால் படித்து ஆட்-ஃப்ரம்-ஸ்ட்ரிங் மூலம் சேர்க்கும் உதாரணங்களையும் நீங்கள் பார்க்கக்கூடும். அவ்வழியில் முழு உள்ளடக்கமும் மெமரிக்கு வரும். பிஎச்பியின் இயல்பான மெமரி வரம்பு 128 எம்பி. ஒரு வீடியோ போதும் அதைத் தாண்ட. கோப்பாக இருப்பவற்றுக்கு ஆட்-ஃபைல்தான் சரி.

சேர்க்கும் முன் வடிகட்டுங்கள். கேஷ் ஃபோல்டர், பழைய லாக், வேறு பேக்கப் பிளகின் போட்டுவைத்த ஜிப்கள், நோட் மாட்யூல்ஸ் எதுவும் வேண்டாம். ஜிப்புக்குள் இருக்கப்போகும் பெயரில் அந்தச் சொல் வருகிறதா என்று எஸ்டிஆர்-கன்டெய்ன்ஸ் மூலம் பார்த்து, வந்தால் கன்டினியூ போட்டுத் தாண்டிவிடுங்கள். இந்த ஃபங்ஷன் பிஎச்பி 8-லிருந்துதான் இருக்கிறது.

படங்களுக்கான வழி இதுதான்: கோப்பின் நீட்டிப்பு ஜேபெக், எம்பி4 போன்றதாக இருந்தால், ஆட்-ஃபைலுக்கு அடுத்த வரியில் செட்-கம்ப்ரஷன்-நேம் மெத்தடை அழைத்து, ஜிப்புக்குள் உள்ள பெயரையும் சிஎம்-ஸ்டோர் என்ற மாறிலியையும் கொடுங்கள். சுருக்காமல் அப்படியே உள்ளே வைத்துவிடும். பிஎச்பி 7-லிருந்து இந்த வசதி இருக்கிறது. படங்கள் நிறைந்த தளத்தில் ஸ்கிரிப்ட் முடியும் நேரம் கண்கூடாகக் குறையும்.

குளோஸ்தான் முழு வேலையும்

ஆட்-ஃபைல் அழைக்கும்போது எதுவும் சுருக்கப்படுவதில்லை. இந்தப் பாதையில் உள்ளதைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதிக்கொள்கிறது. கோப்புகளைப் படிப்பது, சுருக்குவது, வட்டில் எழுதுவது எல்லாம் குளோஸ் மெத்தடை அழைக்கும் கணத்தில்தான் நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும்.

உதாரணமாக, ஆட்-ஃபைல் ஆனவுடனேயே தற்காலிக எஸ்கியூஎல் கோப்பை அழித்துவிட்டால், குளோஸ் வரும்போது அந்தக் கோப்பு இருக்காது. குளோஸ் தோற்கும். ஒரே ஒரு கோப்பு காணாமல்போனதற்கு ஜிப் மொத்தமும் உருவாகாமல் போகும். கேஷ் ஃபோல்டரை விலக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே கோப்புகள் தோன்றிக்கொண்டும் மறைந்துகொண்டும் இருக்கும். அழிக்க வேண்டியதை குளோஸுக்குப் பிறகு அழியுங்கள். குளோஸ் திருப்பித் தரும் மதிப்பையும் கண்டிப்பாகச் சோதியுங்கள். இணையத்தில் கிடைக்கும் பல உதாரணங்களில் இந்தச் சோதனை இருப்பதில்லை.

இடமும் வேண்டும். முழு ஜிப்பும் முதலில் தற்காலிகக் கோப்பாக எழுதப்பட்டு, முடிந்த பிறகே நீங்கள் கொடுத்த பெயருக்கு மாறும். டிஸ்க்-ஃப்ரீ-ஸ்பேஸ் ஃபங்ஷன் காட்டும் எண்ணை ஷேர்டு ஹோஸ்டிங்கில் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் முழு வட்டின் காலியிடத்தைச் சொல்லும், உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய அளவை அல்ல. அதை சிபேனலில் பாருங்கள்.

பிரவுசரில் ஓட்டாதீர்கள், கிரானில் ஓட்டுங்கள்

பிரவுசர் வழியாக ஓடும் பிஎச்பிக்கு இயல்பான நேர வரம்பு 30 வினாடி. அதை செட்-டைம்-லிமிட்டால் உயர்த்தினாலும், முன்னால் நிற்கும் வெப் சர்வர் தன் பங்குக்கு ஒரு வரம்பு வைத்திருக்கும். என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 வினாடி பதில் வராமல் இருந்தால் 504 பிழையைக் காட்டிவிடும். கட்டளைவரியில் ஓடும் பிஎச்பிக்கு இந்த நேர வரம்பு கிடையாது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரின் கட்டளைவரிக்குள் நுழையும் வழி) இல்லாத ஹோஸ்டிங்கிலும் சிபேனலின் கிரான் ஜாப்ஸ் பக்கம் வழியாக அதே கட்டளைவரி பிஎச்பியை ஓட்ட முடியும்.

கிரானில் ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை. தினமும் என்றால் பின் மூன்றிலும் நட்சத்திரக் குறி. சர்வரின் நேரம் பெரும்பாலும் யுடிசி-யில் இருக்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அது ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் நேரம் அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டும் என்றால் மணிக்கு 20, நிமிடத்துக்கு 30 கொடுக்க வேண்டும். கட்டளையாக, பிஎச்பி நிரலின் முழுப் பாதை, ஓர் இடைவெளி, உங்கள் ஸ்கிரிப்டின் முழுப் பாதை.

ஓடவில்லையா? தளத்துக்கு ஓடும் பிஎச்பி ஒரு பதிப்பாகவும், கிரானில் ஓடும் பிஎச்பி வேறு பதிப்பாகவும் இருப்பது உண்டு. இரண்டாவதில் ஜிப் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் இருக்கலாம். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே எக்ஸ்டென்ஷன்-லோடட் மூலம் சோதித்து, இல்லையென்றால் சொல்லிவிட்டு நிற்கும்படி எழுதுங்கள். ஸ்கிரிப்ட் அச்சிடும் எதையும் கிரான் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி அதே பக்கத்தில் இருக்கிறது. நிரப்பி வையுங்கள்.

வந்த ஜிப் முழுசா என்று பாருங்கள்

ஜிப்பில் உள்ள கோப்புகளின் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கும். பாதியில் நின்றுபோன பதிவிறக்கத்தில் அந்தக் கடைசிப் பகுதி இருக்காது, அதனால்தான் 90 சதவீதம் வந்த ஜிப்பும் திறக்க மறுக்கிறது. ஸ்கிரிப்டிலேயே, குளோஸ் முடிந்ததும் அதே ஜிப்பை செக்-கான்ஸ் கொடியோடு மறுபடி திறந்து, நம்-ஃபைல்ஸ் காட்டும் எண்ணும் நீங்கள் சேர்க்கும்போது எண்ணிக்கொண்டே வந்த எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். அதன்பின் ஹேஷ்-ஃபைல் மூலம் கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 மதிப்பை எடுத்து அச்சிடுங்கள்.

இறக்குவதற்கு எஸ்எஃப்டிபி போதும். பிரவுசரில் இறக்க ஒரு பிஎச்பி பக்கம் எழுதலாம்தான், ஆனால் அதற்கு லாகின் பாதுகாப்பு, ஹெடர்கள் என்று வேலை கூடும். தொடக்கத்தில் அது வேண்டாம். கணினிக்கு வந்ததும், விண்டோஸில் செர்ட்யூட்டில், லினக்ஸில் ஷா256சம் கட்டளையால் அதே மதிப்பு வருகிறதா என்று பாருங்கள். 7-ஜிப் செயலியின் டெஸ்ட் பொத்தான் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் விரித்து அதன் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லும். தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் பழைய செயலியில் பூச்சி பூச்சியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஜிப்பில் பெயர் யுடிஎஃப்-8 என்று குறிக்க ஒரு பிட் உண்டு, பழைய செயலிகள் சில அதைக் கவனிப்பதில்லை. 7-ஜிப்பில் திறந்து பாருங்கள்.

பழையவற்றை அழிக்க, குளோப் மூலம் 'காப்பு' ஃபோல்டரில் தளத்தின் பெயரில் தொடங்கி ஜிப்பில் முடியும் கோப்புகளைப் பட்டியலிட்டு, கடைசி ஏழை விட்டுவிட்டு மற்றவற்றை அன்லிங்க் செய்யலாம். இதைப் புதிய ஜிப் சோதனையில் தேறிய பிறகே செய்யுங்கள். வரிசை மாறினால், புதியது தோற்ற நாளிலும் பழையது ஒன்று போய்விடும்.

எஸ்எஸ்ஹெச் உள்ள சர்வர் என்றால் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையும் உங்களுக்கு உண்டு. கோப்புகளின் உரிமையாளர், அனுமதி விவரங்களை டார் அப்படியே காக்கும். ஜிப்ஆர்க்கைவ் போட்ட ஜிப்பில் அதை எதிர்பார்க்க வேண்டாம். வேர்ட்பிரஸ் கோப்புகளை மீட்டபின் அனுமதியைச் சரிசெய்வது சின்ன வேலைதான்.

கடைசியாக ஒருமுறை மீட்டுப் பாருங்கள். வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்த எக்ஸாம்ப் பொதியைக் கணினியில் நிறுவி, ஜிப்பை அதன் ஹெச்டிடாக்ஸ் ஃபோல்டரில் விரித்து, பிஎச்பிமைஅட்மினில் புது டேட்டாபேஸ் உண்டாக்கி எஸ்கியூஎல் கோப்பை இம்போர்ட் செய்து, கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் பெயர், யூசர், கடவுச்சொல்லை மாற்றுங்கள். லோக்கல்ஹோஸ்டைத் திறந்ததும் பிரவுசர் உங்கள் நிஜத் தளத்துக்கே தாவினால், ஆப்ஷன்ஸ் அட்டவணையில் சைட்-யூஆர்எல், ஹோம் என்ற இரண்டு வரிசைகளிலும் பழைய முகவரி இருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டையும் லோக்கல்ஹோஸ்ட் முகவரிக்கு மாற்றிவிட்டு மறுபடி திறங்கள்.